ஃபிஸ்கின் அடிக்கு முந்தைய நான்கு மணி நேரம்: 1975 உலகத் தொடர் ஆறாவது ஆட்டத்தின் முழுப் பதிவு

பேஸ்பாலில் அதிக ஈடுபாடு இல்லாதவர்கள்கூட அந்தக் காட்சியை எங்கேனும் பார்த்திருக்க வாய்ப்புண்டு. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் கேட்சர் (மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிப்பவர்) கார்ல்டன் ஃபிஸ்க், தான் அடித்த பந்து எல்லைக்கோட்டின் எந்தப் பக்கம் விழும் என்று தெரியாமல் முதல் பேஸ் (ஓட்டம் எடுக்க வரிசையாகத் தொட்டு வர வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) பக்கமாகப் பக்கவாட்டில் துள்ளிக்கொண்டே, இரண்டு கைகளாலும் அந்தப் பந்தை வலப்பக்கம் தள்ளுவதுபோல் காற்றில் வீசுகிறார். 1975 அக்டோபர் 21 இரவு தொடங்கி, பாஸ்டன் நேரப்படி மறுநாள் அதிகாலை 12:34 மணிக்கு முடிந்த, அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம் பெரும்பாலோருக்கு இந்தச் சில நொடிகளாகவே எஞ்சியிருக்கிறது. ஆட்டமோ 4 மணி 1 நிமிடம் நீண்டது. என்.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பிய அந்த ஆட்டத்தின் முழுப் பதிவை அமர்ந்து பார்ப்பது பயனுள்ளதா என்பதைப் பற்றியே இந்த மதிப்புரை.

பயனுள்ளது என்பதே என் தீர்ப்பு. ஃபிஸ்கின் அடிக்காக மட்டும் இதை வாங்க நினைப்பவர்கள் வாங்க வேண்டியதில்லை, அது எங்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அந்த அடிக்கு முன்னால் நடந்த எட்டாவது, ஒன்பதாவது, பதினோராவது இன்னிங்ஸ்களுக்காக (இரு அணிகளும் ஆளுக்கொரு முறை மட்டை பிடிக்கும் சுற்று ஓர் இன்னிங்ஸ்; சமநிலை இல்லையெனில் ஒன்பதோடு ஆட்டம் முடியும்) இதை முழுதாகப் பார்க்க வேண்டும். அவற்றைப் பார்த்த பிறகு கடைசி அடி, அதுவரை மூன்று முறை கைநழுவிப்போன ஒரு முடிவு நான்காவது முறை கைகூடியதாகத் தெரியும். துண்டுக் காட்சியில் அந்த உணர்வுக்கு இடமில்லை.

பார்க்க உட்காரும் முன் சில செய்திகளைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் வர்ணனையாளர்கள் அவற்றை அன்றைய அமெரிக்கப் பார்வையாளர் அறிந்திருப்பார் என்ற எண்ணத்தில் பேசுகிறார்கள். எதிரணியான சின்சினாட்டி ரெட்ஸ் அந்தப் பருவத்தில் 108 ஆட்டங்களை வென்றிருந்தது. பீட் ரோஸ், ஜோ மார்கன், ஜானி பெஞ்ச், டோனி பெரெஸ் ஆகியோர் அடுத்தடுத்து அடிக்க வரும் அந்த அணியை எழுபதுகளின் மிகச் சிறந்த அணி என்று சொல்பவர்கள் ஏராளம். பாஸ்டன் 95 ஆட்டங்களை வென்ற நல்ல அணிதான். ஆனால் 1918க்குப் பிறகு உலகத் தொடரை வெல்லாத அணி. போதாக்குறைக்கு, அதன் இளம் நட்சத்திரமான ஜிம் ரைஸ் செப்டம்பரில் பந்து பட்டுக் கை முறிந்து தொடருக்கே வரவில்லை. ஏழு ஆட்டத் தொடரில் ரெட்ஸ் 3-2 என முன்னிலை பெற்றிருந்ததால், பாஸ்டனுக்கு இந்த ஆட்டத்தில் தோல்வி என்றால் தொடரே முடிந்துவிடும்.

இதற்கிடையில் மழை குறுக்கிட்டது. சனிக்கிழமை நடக்கவிருந்த ஆட்டம் தொடர்ந்து மூன்று நாள்கள் தள்ளிப்போய்ச் செவ்வாய்க்கிழமை இரவுதான் தொடங்கியது. இந்தத் தாமதம் ஆட்டத்தின் போக்கையே மாற்றியது. முறைப்படி பில் லீ பந்தெறிய வேண்டிய ஆட்டத்தில், மூன்று நாள் கூடுதல் ஓய்வு கிடைத்த லூயி டியான்டைக் களமிறக்கப் பாஸ்டன் மேலாளர் டாரல் ஜான்சன் முடிவு செய்தார். அதே தொடரில் முதல் ஆட்டத்தில் ரெட்ஸுக்கு ஓர் ஓட்டமும் கொடுக்காமல் 6-0 என்றும், நான்காவது ஆட்டத்தில் 5-4 என்றும் கடைசிவரை தானே பந்தெறிந்து வென்றவர் டியான்ட்.

பதிவின் முதல் ஒரு மணி நேரத்தின் இன்பம் இந்த டியான்ட்தான். கியூபாவில் பிறந்து, அரசியல் காரணங்களால் பல ஆண்டுகள் பெற்றோரைக் காண முடியாமல் இருந்தவர். அந்த ஆண்டுதான் அவர்கள் அமெரிக்கா வர அனுமதி கிடைத்தது. கறுப்பினத்தவருக்கெனத் தனியாக நடந்த லீக்குகளில் ஒரு காலத்தில் பந்தெறிந்தவரான அவருடைய தந்தை, ஆகஸ்டில் இதே ஃபென்வே பார்க் மைதானத்தில் ஆட்டம் தொடங்கும் முன் அடையாளப் பந்தை எறிந்தார். டியான்ட் பந்தெறியும் முறையை எழுத்தில் சொல்லிப் புரியவைப்பது கடினம். பேட்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஒரு கணம் நடுக்களத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, பிறகு உடலைச் சுழற்றி எறிவார். சில முறை தலை மட்டும் தனியாக ஆடும், சில முறை கை மார்பருகே பல தடவை நின்று நின்று இறங்கும். அடுத்தடுத்து வரும் இரண்டு பந்துகள் ஒரே கோணத்திலிருந்து வருவதில்லை. இன்றைய பிட்சர்களின் சீரான, இயந்திரம் போன்ற அசைவுகளுக்குப் பழகிய கண்களுக்கு இது ஒரு விருந்து. அடுத்த பந்துக்குள் பல மறு ஒளிபரப்புகளைத் திணிக்கும் பழக்கம் அன்று இல்லாததால், அவருடைய ஒவ்வொரு அசைவையும் இடையூறின்றி முழுதாகப் பார்க்க முடிகிறது என்பது இந்தப் பதிவின் எதிர்பாராத நன்மை.

முதல் இன்னிங்ஸிலேயே பாஸ்டனின் ஃப்ரெட் லின், ரெட்ஸ் பிட்சர் கேரி நோலனின் பந்தில் மூன்று ஓட்டங்களுக்கான ஹோம் ரன் (பந்து எல்லையைத் தாண்டிப் போக, அடித்தவரும் பேஸ்களில் நிற்பவர்களும் ஓட்டம் பெறும் அடி) அடிக்கிறார். லின் அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரராகவும் மிகச் சிறந்த வீரராகவும் தேர்வானவர், ஒரே ஆண்டில் இரண்டு விருதுகளையும் பெற்ற முதல் ஆள். இதற்குப் பின் நான்காவது இன்னிங்ஸ் முடியும்வரை ஓட்டம் எதுவும் வருவதில்லை. பேஸ்பாலுக்குப் புதியவர்கள் சலிப்படையக்கூடிய பகுதி இது. ஆயினும் மைதானத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ள இந்த நேரத்தைப் பயன்படுத்தலாம், ஏனெனில் பின்னால் நடப்பவற்றில் பாதி அந்த மைதானத்தால் நடந்தவை.

1912இல் திறக்கப்பட்ட ஃபென்வே பார்க், நகரத் தெருக்களுக்கு நடுவே கிடைத்த கோணலான இடத்தில் கட்டப்பட்டது. இடப்புற எல்லை, மட்டை பிடிப்பவர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டிலிருந்து நூறு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. அந்தக் குறையை ஈடுகட்டுவதுபோல் அங்கே 37 அடி உயரத்தில் பச்சை வண்ணச் சுவர் ஒன்று எழும்பி நிற்கிறது. கிரீன் மான்ஸ்டர் என்பது அதன் பெயர். வேறு மைதானத்தில் பிடிபட்டுவிடக்கூடிய உயரமான அடி இங்கே சுவரில் பட்டுத் திரும்பும். வேறிடத்தில் எல்லையைத் தாண்டக்கூடிய தாழ்வான, வேகமான அடியும் இதே சுவரில் மோதி, அடித்தவரை ஒரே பேஸில் நிறுத்திவிடும். ஐந்தாவது இன்னிங்ஸில் பெஞ்ச் அடித்த பந்து அப்படித்தான் சுவரில் மோதித் திரும்ப, அவர் முதல் பேஸோடு நின்றுவிடுகிறார். அந்தச் சுவரில் பட்டு வரும் பந்தின் கோணங்களைப் பல ஆண்டுகளாகக் கணித்து வைத்திருந்த கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி இடக்களத்தில் நிற்பதைக் கவனியுங்கள். பந்தைத் துரத்தி ஓடாமல், அது வந்து சேரும் இடத்தில் முன்கூட்டியே போய் நிற்பவர் அவர்.

பெஞ்சின் அந்த அடிக்குச் சற்று முன்னால் நடந்ததுதான் முதல் அதிர்ச்சி. இரண்டு ரெட்ஸ் வீரர்கள் பேஸ்களில் நிற்க, கென் கிரிஃபி நடுக்களத்தின் இடப்பக்கம் ஆழமாக அடிக்கிறார். லின் பின்னோக்கி ஓடிப் பாய்ந்து, பந்தைத் தவறவிட்டு, திண்டு எதுவும் பொருத்தப்படாத சுவரில் முதுகு இடிக்க விழுந்து, அசையாமல் சுவரடியில் அமர்ந்துவிடுகிறார். இரண்டு ஓட்டங்கள் வந்துவிடுகின்றன, கிரிஃபி மூன்றாவது பேஸில் நிற்கிறார், ஆனால் அரங்கத்தில் ஒருவரும் பந்தைப் பார்க்கவில்லை. 35,205 பேர் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினால் ஒலிவாங்கியில் அது எப்படிக் கேட்கும் என்பதை இந்தப் பதிவில் மட்டுமே உணர முடியும். சுருக்கப்பட்ட தொகுப்புகளில் லின் விழுவதும் எழுவதும் அடுத்தடுத்த காட்சிகளாக வெட்டப்பட்டிருக்கும். முழுப் பதிவிலோ அந்தக் காத்திருப்பு அப்படியே இருக்கிறது. அடுத்த ஆண்டு ஃபென்வே சுவர்களுக்குத் திண்டு பொருத்தியதற்கு இந்த மோதல் ஒரு முக்கியக் காரணம். லின் எழுந்து தொடர்ந்து ஆடினார். பெஞ்சின் அடியில் கிரிஃபியும் ஓடி வர, ஆட்டம் 3-3.

ஏழாவதில் ஜார்ஜ் ஃபாஸ்டர் நடுக்களச் சுவரில் பந்தை மோதவிட்டு இரண்டு ஓட்டங்கள் பெற்றுத்தருகிறார். எட்டாவதின் தொடக்கத்தில் சீசர் ஜெரோனிமோ வலப்பக்கக் கோட்டோரமாக ஹோம் ரன் அடிக்கிறார். ரெட்ஸ் 6, பாஸ்டன் 3. களைத்துப்போன டியான்டை ஜான்சன் அப்போதுதான் வெளியே அழைக்கிறார். ஒரு இன்னிங்ஸ் முன்னதாகவே அதைச் செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏழாவதில் அவருடைய பந்துகள் பேட்டரின் இடுப்பு உயரத்துக்கு ஏறத் தொடங்கிவிட்டதைப் பதிவில் யாரும் காணலாம். அவர் நடந்து வெளியேறும்போது அரங்கமே எழுந்து நின்று கைதட்டுகிறது.

எதிர்த்தரப்பில் மேலாளர் ஸ்பார்க்கி ஆண்டர்சன் நேர்மாறானவர். சிறிது தடுமாறினாலும் பிட்சரை மாற்றிவிடுவதால் கேப்டன் ஹூக் என்ற பட்டப்பெயர் பெற்றவர். அன்று அவர் எட்டு பிட்சர்களைப் பயன்படுத்தினார். உத்தியாக இது சரியாக இருக்கலாம், பார்வையாளருக்கோ பெரும் தொல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதியவர் நடந்து வந்து, சில பந்துகளை எறிந்து பழகி, பிறகு ஆட்டம் தொடர வேண்டும். நடுப்பகுதியின் தொய்வுக்குப் பெரும் பொறுப்பு ஆண்டர்சனுடையது. விரைவாக ஓட்டிப் பார்க்க ஓர் இடம் வேண்டுமென்றால் அது இந்தப் பிட்சர் மாற்றங்கள்தாம்.

எட்டாவது இன்னிங்ஸின் பின்பாதியில் மட்டும் எதையும் ஓட்டிவிடாதீர்கள். லின் அடித்த பந்து பிட்சர் பெட்ரோ போர்போனின் காலில் பட, அவர் முதல் பேஸை அடைகிறார். ரிக்கோ பெட்ரோசெல்லிக்கு நான்கு தவறான பந்துகள் கிடைத்து அவரும் பேஸுக்குப் போகிறார். ஆண்டர்சன் வழக்கம்போல் நடந்து வந்து ராலி ஈஸ்ட்விக்கைக் கொண்டுவருகிறார். ஈஸ்ட்விக் இரண்டு பேரை அவுட் ஆக்குகிறார். இன்னும் நான்கு பேர் அவுட் ஆனால் ரெட்ஸ் உலகச் சாம்பியன். அந்த ஆண்டு உலகத் தொடரில் பிட்சரும் தன் முறைக்கு மட்டை பிடித்தாக வேண்டும் என்பது விதி. ஆகவே பிட்சர் ரோஜர் மோரேயின் முறை வந்ததும் அவருக்குப் பதிலாக பெர்னி கார்போவை ஜான்சன் அனுப்புகிறார்.

கார்போவின் பின்னணி தெரிந்தால் இந்தக் காட்சி இரட்டிப்பாகச் சுவைக்கும். 1965இல் அமெரிக்க பேஸ்பாலில் இளம் வீரர்களைத் தெரிவுசெய்யும் முறை முதன்முதலாக வந்தபோது, சின்சினாட்டி முதல் சுற்றில் தேர்ந்தெடுத்த வீரர் கார்போ. ஜானி பெஞ்சையே அந்த அணி இரண்டாம் சுற்றில்தான் எடுத்தது. 1970இல் ஆண்டர்சனின் கீழ் சிறப்பாக ஆடிய கார்போ, பின்னர் வேறு அணிக்கு அனுப்பப்பட்டுப் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தார். இப்போது அவர் மட்டையுடன் நிற்க, அவருக்குப் பின்னால் கேட்சராக அமர்ந்திருப்பவர் அதே பெஞ்ச். உள்நோக்கி வந்த ஒரு பந்தை கார்போ எதிர்கொண்ட விதம் நகைப்புக்குரியது. ஏற்கெனவே கேட்சரின் கையுறைக்குள் போய்விட்டது என்று தோன்றும் பந்தை, மரம் வெட்டத் தெரியாதவன் கோடரியைப் பிடித்ததுபோல் மட்டையைச் சாய்த்து எப்படியோ உரசி வெளியே தள்ளுகிறார். அத்தோடு கதை முடிந்தது என்றே யாரும் நினைப்பார்கள். அடுத்த பந்து நடுக்களத்தின் பின்னால் உள்ள இருக்கைகளில் விழுகிறது. மூன்று ஓட்டங்கள்; ஆட்டம் 6-6. மாற்று பேட்டராக வந்து இந்தத் தொடரில் அவர் அடித்த இரண்டாவது ஹோம் ரன் இது.

ஃபிஸ்கின் அடியைவிட இதுவே இந்த ஆட்டத்தின் உச்சம் என்பது என் எண்ணம். ஃபிஸ்க் அடித்தபோது ஆட்டம் சமநிலையில் இருந்தது. அவர் அடிக்காமல் போயிருந்தாலும் பாஸ்டன் தோற்றிருக்காது. கார்போ அடித்தபோதோ மூன்று ஓட்டங்கள் பின்தங்கி, இரண்டு பேர் அவுட் ஆகி, இரண்டு ஸ்ட்ரைக்குகளும் (மூன்றானால் அவுட்) விழுந்திருந்தன. இவ்வளவு பெரிய அடி பொது நினைவில் இரண்டாம் இடத்துக்குப் போனதற்குக் காரணம் படப்பிடிப்புதான். கேமரா பந்தைத் துரத்திச் சென்றுவிடுவதால் கார்போவின் முகத்தில் அந்தக் கணத்தில் என்ன இருந்தது என்று நாம் பார்ப்பதில்லை.

ஒன்பதாவதின் பின்பாதி பாஸ்டன் ரசிகர்களுக்கு இன்றும் கசப்பான பகுதியாக இருக்கும். டென்னி டாயில் பேஸுக்குப் போகிறார், யஸ்ட்ரெம்ஸ்கியின் அடியில் மூன்றாவது பேஸ் வரை முன்னேறுகிறார், ஃபிஸ்கை ரெட்ஸ் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு அனுப்புகிறது. மூன்று பேஸ்களிலும் ஆட்கள், ஒருவர்கூட அவுட் இல்லை, ஓர் ஓட்டம் வந்தால் வெற்றி. லின் இடக்களக் கோட்டோரமாக, அதிக ஆழமில்லாமல் உயர அடிக்கிறார். ஃபாஸ்டர் அதைப் பிடித்தவுடன் டாயில் ஹோம் பிளேட்டை நோக்கி ஓடுகிறார். ஃபாஸ்டரின் எறி பெஞ்சிடம் வந்து சேர, டாயில் அவுட். மூன்றாவது பேஸருகே நின்ற பயிற்சியாளர் டான் ஸிம்மர் ஓடாதே என்ற பொருளில் ‘நோ, நோ’ என்று கத்தியதை, அரங்கின் இரைச்சலில் ‘கோ, கோ’ என்று டாயில் கேட்டுவிட்டதாகப் பின்னர் சொல்லப்பட்டது. பதிவில் ஸிம்மரின் குரல் கேட்பதில்லை. ஆனால் அந்த இரைச்சலைக் கேட்டால் டாயிலை மன்னித்துவிடத் தோன்றும். பெட்ரோசெல்லியும் அவுட் ஆகிவிட, ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போகிறது.

பதினோராவது இன்னிங்ஸில் முறை மாறுகிறது, இப்போது ரெட்ஸின் கைக்கு எட்டியது நழுவுகிறது. கிரிஃபி முதல் பேஸில் நிற்க, ஜோ மார்கன் வலக்களத்தில் மிக ஆழமாக, மிகக் கடினமாக அடிக்கிறார். அது ஹோம் ரன் ஆகவோ, குறைந்தபட்சம் கிரிஃபி ஓடி வந்து ஓட்டம் எடுக்கவோ போதுமான அடி. பாஸ்டனின் டுவைட் எவன்ஸ் பின்னால் ஓடிக்கொண்டே, பந்து தன் தலைக்கு மேல் போகும் தறுவாயில் உடலைத் திருப்பிக் கையுறையை நீட்டிப் பிடிக்கிறார். அது பிடிபடாது என்று நம்பி வெகுதூரம் ஓடிவிட்ட கிரிஃபி திரும்பி வருவதற்குள், எவன்ஸ் பந்தை உள்ளே எறிகிறார். எறி விலகிப் போகிறது. முன்பு இடக்களத்தில் இருந்து இப்போது முதல் பேஸ் ஆட்டக்காரராக மாறியிருந்த யஸ்ட்ரெம்ஸ்கி அதை எடுத்து, பேஸைக் காக்க ஓடிவந்த ரிக் பர்ல்சனிடம் தர, இரண்டு பேர் அவுட். இந்த ஒரு நிகழ்வுக்குள் பிடி, எறி, பிழை, பிழைதிருத்தம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. வருத்தம் என்னவென்றால், அன்றைய கேமராக்களின் எண்ணிக்கைக்கும் இட அமைப்புக்கும் இது அதிகப்படியான வேலை. எவன்ஸின் ஓட்டத்தின் முழு நீளத்தையும் கிரிஃபியின் தயக்கத்தையும் ஒரே நேரத்தில் காட்ட வழியில்லை. மறு ஒளிபரப்பில் பிடியை மெதுவாகக் காட்டுகிறார்கள், அதோடு நிறைவடைய வேண்டியதுதான்.

பன்னிரண்டாவதின் முன்பாதியில் ரெட்ஸ் மீண்டும் இரண்டு பேரை பேஸ்களில் வைத்தும் ஓட்டம் எடுக்கவில்லை. பின்பாதியில் முதல் ஆளாக ஃபிஸ்க் வருகிறார். ரெட்ஸின் எட்டாவது பிட்சரான பாட் டார்சி எறிந்த இரண்டாவது பந்து தாழ்வாக உள்நோக்கி வர, ஃபிஸ்க் அதை இடப்பக்கம் உயர்த்தி அடிக்கிறார். தூரத்தில் சந்தேகமில்லை, திசையில்தான் சந்தேகம். கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கேள்விக்கு, பந்து எல்லைக்கோட்டின் முனையில் நிற்கும் இடப்புற ஃபவுல் கம்பத்தில் பட்டு, எல்லைக்குள்தான் என்று விடை சொல்கிறது. 7-6. களத்துக்குள் இறங்கிவிட்ட ரசிகர்களை இடித்துக்கொண்டு அவர் எல்லா பேஸ்களையும் சுற்றிவர வேண்டியிருக்கிறது. அந்தக் கம்பத்துக்கு 2005இல் ஃபிஸ்கின் பெயரையே சூட்டினார்கள்.

இந்தக் காட்சி இவ்வளவு புகழ்பெற்றதற்கு என்.பி.சி.யின் இயக்குநர் ஹாரி கோய்லின் குழுவுக்கும் பங்கு உண்டு. இடக்களச் சுவரில் பதிந்துள்ள ஸ்கோர்போர்டின் உள்ளே லூ ஜெரார்ட் என்ற ஒளிப்பதிவாளர் கேமராவுடன் அமர்ந்திருந்தார். பந்தைத் தொடர்ந்து படம்பிடிக்க வேண்டிய அவர், அருகில் ஓர் எலி இருந்ததால் நகர முடியாமல் கேமராவை ஃபிஸ்க் மீதே வைத்துவிட்டார் என்பது பேஸ்பால் உலகில் பலமுறை சொல்லப்பட்ட கதை. எலியின் பங்கு எவ்வளவாக இருந்தாலும், பந்தை விட்டுவிட்டு வீரரின் உடலைக் காட்டிய அந்தப் படம் விளையாட்டு ஒளிபரப்பின் இலக்கணத்தில் ஒரு திருப்பம். வெற்றியின் கணத்தில் ஆட்டக்காரரின் முகத்தைத் தேடுவது இன்று எல்லா விளையாட்டுகளிலும் வழக்கமாகிவிட்டது. ஆனால் முழுப் பதிவைப் பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: நேரலையில் முதலில் காட்டப்படுவது பந்தின் பாதைதான், துள்ளும் ஃபிஸ்க் மறு ஒளிபரப்பில்தான் வருகிறார். துண்டுக் காட்சிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வரிசை வியப்பாக இருக்கும்.

வர்ணனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடைசி இன்னிங்ஸ்களில் தொலைக்காட்சியில் ஒலிப்பது டிக் ஸ்டாக்டனின் குரல். பந்து எல்லைக்குள் நின்றால் ஹோம் ரன் என்ற அளவில் சில சொற்களைச் சொல்லிவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்கிறார். பிறகு கேட்பது கூட்டத்தின் ஒலியும், மைதானத்து ஆர்கன் கலைஞர் ஜான் கைலி வாசிக்கத் தொடங்கும் ‘அல்லேலூயா’ இசையும். இந்த அடக்கம் இன்றைய வர்ணனையாளர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது. ஆனால் நடுப்பகுதி வர்ணனை அவ்வளவு சிறப்பாக இல்லை. ஒரு உத்தி ஏன் கையாளப்படுகிறது என்ற விளக்கம் குறைவாகவே வருகிறது. மூன்றாவது ஆட்டத்தில் ரெட்ஸின் எட் ஆர்ம்பிரிஸ்டருடன் ஃபிஸ்க் மோதியதும், அது விதிமீறல் அல்ல என்று நடுவர் லாரி பார்னெட் தீர்ப்பளித்ததும், அதன் விளைவாகப் பாஸ்டன் அந்த ஆட்டத்தை இழந்ததும் தெரியாதவர்களுக்கு, இந்த ஆட்டத்தில் ஆர்ம்பிரிஸ்டர் மட்டையுடன் வரும்போது அரங்கம் அவரைப் பார்க்கும் பார்வையின் பொருள் விளங்காது.

படத்தின் தரம் அந்தக் காலத்து வீடியோ நாடாவின் தரம்தான். சதுரத்துக்கு நெருங்கிய திரை, சற்றே கசியும் வண்ணங்கள், விளக்கொளியில் எல்லை மங்கும் வெள்ளைச் சீருடைகள். பெரிய திரையில் பார்த்தால் கண் உறுத்தும், மடிக்கணினியில் பார்ப்பதே மேல். இதைவிடப் பெரிய இடைஞ்சல் வேறொன்று. இன்றைய ஒளிபரப்பில் திரையின் மூலையில் நிலையாக இருக்கும் ஓட்ட எண்ணிக்கை, அவுட் எண்ணிக்கை, பந்து எண்ணிக்கை எதுவும் அன்று இல்லை. எழுத்துகள் சில நேரங்களில் மட்டும் தோன்றி மறையும். ஆகவே கவனம் சிறிது சிதறினாலும் எத்தனை பேர் அவுட் என்பது தெரியாமல் போகும். ஒரு தாளும் பேனாவும் எடுத்துவைத்து இன்னிங்ஸ் வாரியாகக் குறித்துக்கொண்டு பார்ப்பது நல்ல வழி. அமெரிக்க ரசிகர்கள் பலர் மைதானத்திலேயே அப்படித்தான் செய்கிறார்கள், அதில் ஒரு தனிச் சுகமும் உண்டு. களத்தில் வீரர்கள் பேசிக்கொள்வதைப் பிடிக்கும் ஒலிவாங்கிகளும் அன்று கிடையாது. கூடுதல் இன்னிங்ஸில் மட்டை பிடிக்க வந்த ரோஸ், எதிரணிக் கேட்சரான ஃபிஸ்கிடம் இது எப்பேர்ப்பட்ட ஆட்டம் என்று வியந்து பேசியதாகப் பின்னர் அறிகிறோம். பதிவில் உதடுகளின் அசைவுக்கு மேல் நமக்கு எதுவும் கிடைக்காது.

இத்தனை குறைகளுக்கு நடுவிலும் இந்தப் பதிவு முழுமையாகக் கிடைப்பதே பெரிது. அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் நடந்த பல உலகத் தொடர் ஆட்டங்களின் நாடாக்களைத் தொலைக்காட்சி நிறுவனங்கள் அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டதால், அவற்றின் முழு ஒளிபரப்பு இன்று எங்கும் இல்லை. அமெரிக்க பேஸ்பாலின் அதிகாரபூர்வத் தொலைக்காட்சி 2011இல் தன் சிறந்த இருபது ஆட்டங்களின் வரிசையில் இதற்கு முதலிடம் கொடுத்தது. அந்த வரிசையில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும், பெஞ்ச், மார்கன், பெரெஸ், யஸ்ட்ரெம்ஸ்கி, ஃபிஸ்க் என்று பின்னாளில் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற ஐவர் ஒரே களத்தில் நான்கு மணி நேரம் ஆடுவதைக் காண வேறு வாய்ப்புகள் மிகச் சிலவே.

பேஸ்பால் விதிகளே தெரியாதவர்களுக்கு இதை முதல் ஆட்டமாகப் பரிந்துரைக்க மாட்டேன். விதிகளை விளக்கும் குறும்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தால், குறிப்பாக அவுட் எண்ணிக்கை, ஃபவுல் கோடு, பிடிபட்ட பந்துக்குப் பின் ஓடுவது ஆகிய மூன்றைப் புரிந்துகொண்டு வந்தால், ஒன்பதாவது, பதினோராவது இன்னிங்ஸ்கள் தாமாகவே விளங்கும். நான்கு மணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் முதல் இன்னிங்ஸையும் ஐந்தாவதின் முன்பாதியையும் பார்த்துவிட்டு, எட்டாவதின் தொடக்கத்திலிருந்து இறுதிவரை இடைவிடாமல் பார்க்கலாம். விதிகளும் வீரர்களும் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குத் தயக்கமே வேண்டாம்.

மறுநாள் இரவு நடந்த ஏழாவது ஆட்டத்தின் பதிவையும் சேர்த்து வாங்குவது நல்லது. பாஸ்டன் 3-0 என முன்னிலை பெற்றும், பில் லீயின் மெதுவான பந்தை டோனி பெரெஸ் ஹோம் ரன் ஆக்கியதிலிருந்து பிடி தளர்ந்து, ஒன்பதாவதில் மார்கனின் அடியில் கிரிஃபி ஓடிவர, ரெட்ஸ் 4-3 என வென்று தொடரைக் கைப்பற்றியது. ஆட்டத்தின் நேர்த்தியில் ஏழாவது ஆட்டம் ஆறாவதைவிடத் தாழ்ந்ததல்ல. இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்ப்பவர்களுக்கு, ஆறாவது ஆட்டத்தில் எட்டு பிட்சர்களை இறக்கிய ஆண்டர்சன் அடுத்த நாள் யாரை நம்பியிருக்க முடிந்தது என்பதையும் எண்ணிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைக்கும்.